நல்ல நேரம் வேண்டாம், ராகு காலம் கொடுங்க!

2022 பிப்ரவரி 3-ஆம் தேதி ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் சாட்டிலைட்களை ஒரே ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியது. எல்லாம் ஒழுங்காகப் பிரிந்து பறக்க ஆரம்பித்தன. பூமிக்கு மிக அருகில் வரும்போது அவற்றின் உயரம் சுமார் 210 கி.மீ. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும் என்பதுதான் பிளான். ஆனா அடுத்த நாளே சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு காந்தப்புயல் பூமியை வந்து அடிச்சுது. அது ஒண்ணும் நூற்றாண்டின் பெரும்புயல் இல்லீங்க, சுமார் ரகம்தான். அதுக்கே மேல்வளிமண்டலம் சூடாகி, அடுப்பில் வைத்த பால் மாதிரி மேலே பொங்கிவிட்டது. முந்தைய லாஞ்ச்களில் இருந்ததைவிட இழுவிசை 50 சதவீதம் வரை கூடியதாக அந்த கம்பெனியே அறிக்கை விட்டது. சாட்டிலைட்களைக் காகிதம் மாதிரி ஓரமாகத் திருப்பிப் பறக்க வைத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. 40 வரைக்கும் எரிந்து போனது.

இந்தக் கதையை நீங்க ஏற்கெனவே படிச்சிருக்கலாம். நான் கவனிக்கச் சொல்வது வேற ஒரு விஷயத்தை. அந்தச் சாட்டிலைட்களில் ஜிபிஎஸ் இருந்தது. இழுவிசை கூடியதையே அந்த ஜிபிஎஸ்-ஐ வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பது அதுங்களுக்கு நல்லாவே தெரியும். தன்னைச் சுற்றி எவ்வளவு காற்று இருக்கிறது என்பது தெரியவில்லை. நாளைக்கு எங்கே இருப்போம் என்பதை முடிவு பண்ணியது அந்தக் காற்றுதான்.

வழிகாட்டல் என்றாலே நமக்கு கூகுள் மேப்பின் நீலப் புள்ளிதான் ஞாபகம் வரும். நிலத்தில் அது போதும். பூமியைச் சுற்றும் ஒரு பொருளுக்கு "இப்ப எங்க இருக்கேன்" என்பது பாதிக் கேள்வி. மீதிக் கேள்வி காற்றின் அடர்த்தி. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக்கூடிய ஒரே சிக்னல் ஒண்ணு இருக்கு. யாரும் டிரான்ஸ்மிட்டர் வைக்கத் தேவையில்லை, லைசென்ஸ் வேண்டாம், யாராலும் ஜாம் பண்ண முடியாது. நட்சத்திர வெளிச்சம்!

அதை நாம ரெண்டு தனித்தனி டிபார்ட்மென்ட்டாகப் பார்க்கிறோம். வழிகாட்டல் ஒரு பக்கம், வளிமண்டல ஆராய்ச்சி இன்னொரு பக்கம். இது தப்பு, இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும், அதை ஆரம்பிக்க நம்மை மாதிரி ஸ்டூடன்ட்ஸுக்கே வழி இருக்கு என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. கொஞ்சம் பொறுமையா வாங்க.

வளையுற வெளிச்சம்

கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்த்திருப்பீங்க. சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொடுகிற அந்த நொடியில், கணக்குப்படி முழுச் சூரியனும் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டிருக்கும். நாம் பார்ப்பது காற்றால் வளைந்து வந்த வெளிச்சம். பன்னிரண்டாம் வகுப்பு ஒளிவிலகல் பாடம்தான், புதுசா ஒண்ணும் இல்லை. தொடுவானத்தில் இந்த வளைவு ஏறக்குறைய அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. சூரியனின் அகலமும் கிட்டத்தட்ட அரை டிகிரி.

இப்போ நீங்க ஒரு சாட்டிலைட்டில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் விளிம்புக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் இறங்குகிறது. அதன் வெளிச்சம் காற்றுக்குள் நுழைந்து, பூமியை உரசுகிற மாதிரி போய், மறுபக்கம் வெளியே வந்து உங்களை அடைகிறது. உள்ளே வரும்போது ஒரு வளைவு, வெளியே போகும்போது ஒரு வளைவு. நிலத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு.

அந்த வெளிச்சக் கோடு பூமியை மிக நெருங்கும் இடத்தின் உயரத்தைத் 'தொடு உயரம்' என்று வைத்துக்கொள்வோம். தொடு உயரம் 25 கி.மீ. என்றால் வளைவு சுமார் 150 ஆர்க்செகண்ட். ஒரு டிகிரியை 3600 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுதான் ஒரு ஆர்க்செகண்ட். 150 என்பது, முப்பது மீட்டர் தள்ளி வைத்த ஒரு ரூபாய்க் காசின் அகலம் அளவுக்கு இருக்கும். 50 கி.மீ. உயரத்தில் அதே வளைவு மூன்று, நான்கு ஆர்க்செகண்டாகச் சுருங்கிவிடும். காரணம் சிம்பிள்: மேலே போகப் போகக் காற்று குறைகிறது. அந்தப் பகுதியில் ஒவ்வொரு 6.6 கி.மீ.க்கும் வளைவு ஏறக்குறைய 2.7-ஆல் வகுபடும்.

ஸ்டார் ட்ராக்கர் என்ற கேமரா எல்லா நல்ல சாட்டிலைட்டிலும் இருக்கும். அதனுள்ளே நட்சத்திர அட்டவணை இருக்கு. ஐரோப்பாவின் ஹிப்பார்க்கஸ் விண்கலம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை ஆர்க்செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு துல்லியத்தில் அளந்து வைத்துவிட்டது. ஆக, விளிம்பில் இருக்கிற நட்சத்திரம் 'இருக்க வேண்டிய' இடம் நமக்குத் தெரியும். 'தெரிகிற' இடம் கேமராவில் இருக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வளைவு.

இங்கே இருந்துதான் கதை ரெண்டாகப் பிரிகிறது.

காற்றின் அடர்த்தி தெரிந்தவர் அந்த வளைவைப் பார்த்து, "சரி, இந்தக் கோடு 25 கி.மீ. உயரத்தில் உரசிப் போயிருக்கு" என்று சொல்லிவிடலாம். அதிலிருந்து பூமியின் மையத்தை ஒப்பிட்டு சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு நிபந்தனை கிடைக்கும். சுற்றிவரும்போது இப்படி ஒவ்வொரு நட்சத்திரமாகச் சேர்த்து, கால்மன் ஃபில்டரில் போட்டால் முழு இடமும் கிடைத்துவிடும். இது நேவிகேஷன்.

சாட்டிலைட்டின் இடம் தெரிந்தவர் அதே வளைவைப் பார்த்து, "25 கி.மீ. உயரத்தில் காற்று இவ்வளவு அடர்த்தி" என்று சொல்லலாம். இது வளிமண்டல அளவீடு.

சமன்பாடு ஒண்ணுதான். எதைத் தெரிந்ததாக எடுத்துக்கிறோம், எதைத் தெரியாததாக எடுத்துக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு 6.6 கி.மீ. ஏறினால் 2.7 மடங்கு மாறுகிற ஒன்றில், அடர்த்தியை 1 சதவீதம் தப்பாக வைத்துக்கொண்டால் தொடு உயரம் எவ்வளவு தப்பும்? 6600 மீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 66 மீட்டர். 5 சதவீதம் தப்பினால் 330 மீட்டர். கேமராவில் ஒரு ஆர்க்செகண்ட் பிழை வந்தால் 25 கி.மீ. உயரத்தில் 44 மீட்டர்தான் தப்பும். நல்ல கேமரா வாங்கினாலும் காற்று தெரியாவிட்டால் வேஸ்ட் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது. நட்சத்திரத்தை வைத்து வழி கண்டுபிடிப்பது கேமராப் பிரச்சினை என்பதைவிடக் காற்றுப் பிரச்சினை என்பதே சரி.

அப்போலோவில் ஆரம்பித்தது

1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலாவுக்குப் போனபோது ஜிம் லோவல் ஒரு செக்ஸ்டன்ட்டை வைத்து நட்சத்திரத்துக்கும் பூமியின் விளிம்புக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்துகொண்டே போனார். கப்பல்காரர்கள் காலங்காலமாகச் செய்ததுதான். ஆனால் விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமிக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. காற்று மேலே போகப் போக மங்கி மறையுது. எந்த இடத்தை விளிம்பு என்று எடுப்பது? ஒவ்வொரு தடவையும் அதே உயரத்தை எடுக்கிற மாதிரி கண்ணைப் பழக்க வேண்டியிருந்தது. அப்போலோவின் வழிகாட்டும் கருவிகளை வடிவமைத்த எம்ஐடி ஆய்வகம்தான் பிறகு டிரேப்பர் ஆய்வகம் ஆனது. 1980-களில் அதே டிரேப்பர் ஆய்வகத்தினர்தான் மங்கலான விளிம்பை விட்டுவிட்டு, நட்சத்திர வளைவை வைத்தே சாட்டிலைட் தானாக வழி கண்டுபிடிக்கும் முறையை விரிவாக ஆராய்ந்தார்கள்.

வளிமண்டல ஆட்கள் மறுபக்கத்திலிருந்து வந்தார்கள். அதே 1968 டிசம்பரில் ஏவப்பட்ட ஓஏஓ-2 என்ற விண்வெளித் தொலைநோக்கி, நட்சத்திரங்கள் பூமிக்குப் பின்னால் மறையும்போது அவற்றின் புறஊதா வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று பார்த்து, இரவு நேர ஓசோனை அளக்க உதவியது. 2002-ல் ஐரோப்பா அனுப்பிய என்விசாட்டில் கோமோஸ் என்று ஒரு கருவி, இந்த வேலைக்காகவே. பத்து வருஷம் நட்சத்திரங்கள் மறைவதைப் பார்த்தே ஓசோனை அளந்தது. 1996-ல் ஏவப்பட்ட அமெரிக்காவின் எம்எஸ்எக்ஸ் விண்கலம் வெளிச்சம் குறைவதையும் வளைவதையும் சேர்த்தே பார்த்தது.

இந்த விஷயத்தில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கே, அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்த 1972-லேயே, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்த்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற முடிவுக்கு அந்தப் பதிவும் ஒரு ஆதாரம். 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, பட்டாச்சார்யா, குப்புசாமி இருவரும் நட்சத்திரம் இடையில் ஒரு தடவை மங்கியதைக் காவலூரிலிருந்து பதிவு செய்தார்கள். யுரேனஸின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்ட நாள் அதுதான். தூரத்துக் கிரகத்தின் காற்றை நட்சத்திரத்தை வைத்து அளக்கிற அதே வித்தையைத்தான் நம்ம பூமியின் காற்றுக்கும் பயன்படுத்தச் சொல்கிறேன்.

நூறு கிலோமீட்டருக்கு மேலே

ஐம்பது கி.மீ.க்கு மேலே வளைவு ரொம்பச் சின்னது, கேமராவுக்கு எட்டாது. ஆனால் சாட்டிலைட்களைக் கீழே இழுக்கிற காற்று அதற்கும் மேலேதான் இருக்கிறது. நூறு கி.மீ. உயரத்தில் காற்று, நிலமட்டத்தில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே பலூன் போகாது. ராக்கெட் போகும், சில நிமிஷம் இருந்துவிட்டு விழுந்துவிடும். சாட்டிலைட் அங்கே இருந்தால் சுற்ற முடியாமல் எரிந்துவிடும். இந்த அடுக்குக்கு விஞ்ஞானிகளே கிண்டலாக 'இக்னோரோஸ்பியர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்டுகொள்ளப்படாத மண்டலம்!

அங்கே உதவுவது எக்ஸ்-ரே. ரிஷப ராசியில் இருக்கிற நண்டு நெபுலா வானத்தின் மிகப் பிரகாசமான எக்ஸ்-ரே மூலங்களில் ஒன்று. அது பூமிக்குப் பின்னால் இறங்கும்போது எக்ஸ்-ரே கதிர்களை ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களின் உள் எலக்ட்ரான்கள் விழுங்குகின்றன. உள் எலக்ட்ரான் என்பதால் அந்த அணு தனியாக இருக்கா, மூலக்கூறாக இருக்கா என்பது பெரிதாகக் கணக்கில் வராது. மொத்தம் எத்தனை அணு வழியில் நின்றது என்பது நேராகக் கிடைத்துவிடும். காற்றின் அடர்த்திக்கு இதைவிட நேரடியான அளவீடு கஷ்டம்.

1999-ல் அமெரிக்காவின் ஆர்கோஸ் சாட்டிலைட்டில் 'அன்கன்வென்ஷனல் ஸ்டெல்லர் ஆஸ்பெக்ட்' என்ற எக்ஸ்-ரே கருவி போனது. பெயரைப் பாருங்க, அதன் நோக்கங்களில் ஒன்றே எக்ஸ்-ரே மூலங்களை வைத்து சாட்டிலைட்டுக்கு வழி காட்ட முடியுமா என்று சோதிப்பது. 2007-ல் ஒரு குழு அந்தக் கருவி பதிவு செய்த நண்டு நெபுலா மறைவுகளை எடுத்து 100-லிருந்து 120 கி.மீ. வரையிலான காற்றை அளந்தது. எல்லோரும் பயன்படுத்துகிற வளிமண்டல மாடல் சொன்ன அடர்த்தியில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஒரு சதவீதத்துக்கு 66 மீட்டர் என்று மேலே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இங்கே ஐம்பது சதவீதம்!

2021-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் சுசாகு, ஹிட்டோமி என்ற இரண்டு எக்ஸ்-ரே விண்கலங்களின் பழைய பதிவுகளிலிருந்து 70 முதல் 200 கி.மீ. வரை அளந்தார்கள். அதிலும் கீழ்ப்பகுதியில் மாடலைவிடக் குறைவாகவே வந்தது. ஹிட்டோமி 2016-ல் ஏவப்பட்டு ஒன்றரை மாதம்கூட முடியாமல் தாறுமாறாகச் சுழன்று உடைந்துபோன விண்கலம். அந்த விபத்துக்கு இட்டுச்சென்ற தொடர் குழப்பம், ஸ்டார் ட்ராக்கர் மறைவுக்குப் பிறகு நட்சத்திரங்களைத் திரும்பப் பிடிக்கிற இடத்தில்தான் ஆரம்பித்தது. வழி தெரியாமல் அழிந்த ஒரு விண்கலத்தின் மிச்சப் பதிவு, மற்ற சாட்டிலைட்களின் வழிக்கு உதவுகிறது.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் பொதுவான விஷயத்தைக் கவனிங்க. யாரும் புதுசாகக் கருவி செய்து அனுப்பவில்லை. வானியலாளர்களைப் பொறுத்தவரை நெபுலா பூமிக்குப் பின்னால் போகும் நேரம் வேஸ்ட். அவர்களது சாஃப்ட்வேர் பைப்லைனில் 'குட் டைம் இன்டர்வல்' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதாவது நல்ல நேரம். பூமி குறுக்கே வரும் நிமிஷங்களை அந்தப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். நமக்கு வேண்டியது அந்த வெட்டிய பகுதி. நட்சத்திரத்தைப் பூமி விழுங்குகிற அந்த ராகு காலம்தான் நம்ம டேட்டா!

"ஜிபிஎஸ் இருக்கே ப்ரோ?"

நீங்க கேட்பீங்கன்னு தெரியும். நியாயமான கேள்விதான். ஜிபிஎஸ் ரிசீவர் சாட்டிலைட்டின் இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும். நட்சத்திர வளைவு நூறு மீட்டர் கணக்கில்தான் சொல்லும், அதுவும் காற்று நன்றாகத் தெரிந்தால். பகல் பக்கத்தில் பூமியின் பளபளப்பில் விளிம்பு நட்சத்திரம் கண்ணுக்கே தெரியாது. ஜிபிஎஸ்-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு மாறுங்க என்று யாரும் சொன்னால் நானே எதிர்ப்பேன்.

ஆனா ஜிபிஎஸ் இன்னொரு நாட்டின் ராணுவம் நடத்துவது. நம்ம நாவிக் என்ன பாடுபடுகிறது என்று பாருங்க. ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-வின் மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாயின. அதற்கு மாற்றாகப் போன 1ஹெச், 2017-ல் ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 வால்வு திறக்காததால் தன் சுற்றுப்பாதைக்கு ஏறவே முடியவில்லை. இஸ்ரோவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. செயற்கையாகச் சிக்னல் கொடுக்கிற எந்த ஏற்பாடும் இப்படிப் பழுதாகும். இரண்டாவதாக ஒரு வழி கையில் இருக்கணும்.

"ஜிபிஎஸ் சிக்னலே காற்றில் வளையுதே, அதை வைத்தே அடர்த்தியை அளக்கலாமே?" இது இன்னும் நல்ல கேள்வி. அளக்கிறார்கள். ரேடியோ மறைப்பு என்ற இந்த முறையில் வேலை செய்யும் ரோசா கருவி 2009-ல் நம்ம ஓஷன்சாட்-2-லேயே போனது. ஏறக்குறைய 30, 40 கி.மீ. வரைக்கும் அது அருமையாக வேலை செய்யும். அதற்கு மேலே அயனிமண்டலத்தின் குறுக்கீட்டில் சிக்னல் கலங்க ஆரம்பிக்கும். கீழே ரேடியோ, நடுவே நட்சத்திர வளைவு, மேலே எக்ஸ்-ரே என்று அடுக்கினால் நிலத்திலிருந்து 200 கி.மீ. வரை ஒரே தொடர்ச்சியான படம் கிடைக்கும். ஒன்று மற்றொன்றுக்குப் போட்டியே இல்லை.

இது ஏன் நம்ம வேலை

தும்பாவிலிருந்து 1970-லிருந்து 1993 வரைக்கும் வாராவாரம் எம்-100 என்ற ரஷ்ய ராக்கெட் மேலே போய், பூமத்தியரேகைப் பகுதியின் மேல்காற்றையும் வெப்பநிலையையும் அளந்தது. திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ரேடார் 70-லிருந்து 98 கி.மீ. வரை காற்று வீசுகிற வேகத்தைப் பார்த்திருக்கிறது. ஆனால் வீசுகிற வேகம் வேறு, அடர்த்தி வேறு. வாராவாரம் போன ராக்கெட் நின்றதால் உண்டான வெற்றிடத்தை அப்படியே விட்டுவிட முடியாது.

2015 செப்டம்பர் 28-ல் ஏவப்பட்ட நம்ம ஆஸ்ட்ரோசாட் 650 கி.மீ. உயரத்தில், பூமத்தியரேகைக்கு வெறும் 6 டிகிரி சாய்வில் சுற்றுகிற எக்ஸ்-ரே தொலைநோக்கி. அந்த உயரத்திலிருந்து பூமி விளிம்பு, சாட்டிலைட்டுக்கு நேர் கீழே இருக்கும் இடத்திலிருந்து கிட்டத்தட்ட 23 டிகிரி தள்ளித்தான் வரும். கூட்டிப் பாருங்க. அது பார்க்கிற ஒவ்வொரு மறைவும் 29 டிகிரி வடக்குக்கும் 29 டிகிரி தெற்குக்கும் இடையில்தான் நடக்கும். அதாவது வெப்பமண்டலமும் அதை ஒட்டிய பகுதியும் மட்டும். நம்ம தலைக்கு மேலே இருக்கிற அட்சரேகைகள். நண்டு நெபுலா அந்தச் சுற்றுப்பாதையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் மறையும், ஒவ்வொரு சுற்றிலும் உதிக்கும். அந்தப் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. விண்வெளி நிலையத்தில் 2017 முதல் இருக்கிற நாசாவின் நைசர் கருவியின் பதிவுகளும் அப்படியே.

ஒரு ஃபைனல் இயர் டீம் என்ன செய்யலாம்? நண்டு நெபுலாவைப் பார்த்த ஒரு பதிவை இறக்குங்கள். பைப்லைனின் பூமி மறைப்பு ஃபில்டரை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நொடிக்கும் சாட்டிலைட் இருந்த இடம் கூடவே வரும் ஃபைலில் இருக்கும். அதை வைத்துத் தொடு உயரத்தைக் கணக்கிடுங்கள், வெறும் வெக்டர் கணிதம்தான். விண்வெளி நிலையம் அளவு உயரத்தில் தொடு உயரம் நொடிக்குச் சுமார் இரண்டு கி.மீ. வேகத்தில் இறங்கும். 200-லிருந்து 100-க்கு வர சுமார் ஐம்பது நொடி. அந்த ஐம்பது நொடியில் எக்ஸ்-ரே எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்று கிராஃப் போடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் என்ஆர்எல்எம்எஸ்ஐஎஸ் மாடலிலிருந்து வரவேண்டிய கிராஃபைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பயப்படாதீங்க, உங்க புராஜெக்ட்டே அந்த வித்தியாசம்தான்.

ஏரோ டிபார்ட்மென்ட்காரங்க அந்த வித்தியாசத்தை இழுவிசைக் கணக்கில் போட்டு, 300 கி.மீ.க்குக் கீழே இறங்குகிற ஒரு சாட்டிலைட் எப்போ விழும் என்பது எத்தனை மணி நேரம் மாறுகிறது என்று பார்க்கலாம். இசிஇ-காரங்க அதே மறைவை எதிர்ப்பக்கமிருந்து எடுத்து, இடம் தெரியாது என்று வைத்துக்கொண்டு, நெபுலா மறைந்த நேரத்திலிருந்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு டீமும் ஒரே டேட்டா ஃபைலைத் திறந்திருப்பார்கள்.

ஹார்டுவேர்தான் வேணும்னு அடம்பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கு. காவலூரை நடத்துகிற இந்திய வானியற்பியல் நிறுவனம் ராஸ்பெர்ரி பை வைத்தே 'ஸ்டார்பெர்ரிசென்ஸ்' என்ற ஸ்டார் ட்ராக்கரைச் செய்து, 2023 ஏப்ரல் 22-ல் பிஎஸ்எல்வி-சி55-இன் நான்காம் கட்டத்தோடு மேலே அனுப்பியது. நம்ம லேப் மேஜையில் கிடக்கிற அதே போர்டு வகை! பத்து, இருபது ஆர்க்செகண்ட் துல்லியம் இருந்தாலே 25 கி.மீ. உயரத்தின் 150 ஆர்க்செகண்ட் வளைவு தெரிந்துவிடும். காலேஜ் சாட்டிலைட் கிளப்கள் அடுத்த முறை பேலோடு யோசிக்கும்போது, பூமியைப் படம் எடுக்கிற இன்னொரு கேமராவுக்குப் பதில் ஏற்கெனவே இருக்கப்போகிற ஸ்டார் ட்ராக்கரை இரவுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் விளிம்பைப் பார்க்க வைக்கலாம். எடை கூடாது, செலவு கூடாது.

இதில் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ரிவ்யூவில் "மாடல் எங்கே, லைட் எரியுதா, மோட்டார் சுத்துதா" என்று மட்டும் பார்த்தால், ஸ்டூடன்ட்ஸ் பத்தாவது வருஷமாக அதே அட்டெண்டன்ஸ் சிஸ்டத்தைத்தான் கொண்டுவருவார்கள். பழைய டேட்டாவில் புதுக் கேள்வி கேட்பதும் இன்ஜினியரிங் என்று ஒத்துக்கொள்ளுங்கள், சார். 2007-லும் 2021-லும் வந்த அந்த ஆய்வுகளில் ஒரு மோட்டார்கூட சுத்தவில்லை.

அடுத்த சூரியப் புயல் எப்போ வரும் என்று தேதி சொல்ல முடியாது. வரும்போது மேலே 2022-ல் இருந்ததைவிடப் பல மடங்கு சாட்டிலைட்கள் இருக்கும், நம்ம நாட்டுடையதும் சேர்த்து. ஒன்றோடொன்று மோதுமா, மோதாதா என்ற கணிப்பு முழுக்க நாளைய காற்றின் அடர்த்தியை நம்பித்தான் நிற்கிறது. அமைதியான நாட்களிலேயே அந்தக் கணிப்பில் பத்து, பதினைந்து சதவீதம் தப்பு சகஜம்.

ஜீரோத் ரிவ்யூவுக்கு டைட்டில் கொடுக்காதவங்க இந்த வாரமே ஒரு பதிவை இறக்கிப் பாருங்க. மறைவைத் தேடிக் கிராஃப் போட்டவங்க எங்களுக்கு அனுப்புங்க. பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அடுத்த இதழில் போடுகிறோம்.